நம்ம வீட்டு முடி

செய்தி அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். கூரியர் அலுவலகக் கவுண்டரில் யாரோ ஒருவரின் பார்சலைத் தராசில் ஏற்றி, "உள்ள உடையற பொருள் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் தங்கை. "ஒண்ணும் பயப்படாதே" என்று ஆரம்பித்தாள். அக்கா பார்சலைத் தராசிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டாள். நம் குடும்பங்களில் அப்படி ஆரம்பித்து யாரும் நல்ல சேதி சொன்னதாக வரலாறு இல்லை.

"வாலுவுக்குத் தலையில கொஞ்சம் பொத்துப்போச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டிருக்கேன். நீ நேரா அங்க வந்துடு."

வாலு அக்காவின் ஒரே மகள். பதினாறு வயது. பள்ளியில் வேறு பெயர் உண்டு, ஆனால் வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

தங்கையிடமிருந்து 'பொத்துப்போச்சு' என்று கிளம்பிய செய்தி, அக்காவின் வீட்டுக்காரருடைய ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் 'வெந்துபோச்சு' ஆகியிருந்தது. அவருடைய அக்கா வீட்டை எட்டியபோது 'ஆசிட்'. இருட்டுவதற்குள் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் போன் செய்து, "எந்தப் பையன் வீசினான்?" என்று கேட்டார். பையனே கிடையாது, தலைக்குச் சாயம் பூசியதில் வந்த வினை என்று சொன்னதும் அவர் குரலில் சுரத்து இறங்கிவிட்டது. "அவ்வளவுதானா?" என்று வைத்துவிட்டார்.

சாயம் பூசியது சித்தி. போனில் பேசிய அந்தத் தங்கைதான்.

முறைப்படி அவள் வாலுவுக்கு மட்டும்தான் சித்தி. ஆனால் அந்தத் தெருவுக்கே சித்தியாகிவிட்டிருந்தாள். டயர் கடைக்கு மேல் மாடியில், இரண்டு நாற்காலியும் ஒரு கழுவுதொட்டியும் உள்ள பார்லர் அவளுடையது. வாலு சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளி விட்டதும் அங்கேதான் கிடப்பாள். நாள் முழுக்க "சித்தி, சித்தி" என்று அவள் நச்சரித்தது வாடிக்கைக்காரர்களுக்கும் தொற்றிக்கொண்டது. சித்தியைவிடப் பத்து வயது மூத்த அம்மாக்கள்கூடப் படியேறி வந்து, "சித்தி, புருவம் எடுக்கணும்" என்று நிற்பார்கள். வயதைக் குறைத்துக்கொள்ள அதைவிட மலிவான வழி அந்த வட்டாரத்தில் இல்லை.

அவளைப் பற்றி இப்போது எல்லோரும் நல்லவிதமாகவே பேசுகிறார்கள். செத்துப்போனவர்களுக்கு உள்ள சலுகை அது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

தபால் வழியில் பட்டப்படிப்புக்குக் கட்டிவிட்டு, பாதியில் விட்டவள் சித்தி. முதல் வேலை ஒரு பல் டாக்டரிடம், வாசலில் உட்கார்ந்து ஆட்களை உள்ளே அனுப்புவது. உள்ளேயிருந்து வரும் அலறலைக் கேட்டுக்கொண்டே, வெளியே இருப்பவர்களிடம் "வலியே இருக்காதுங்க" என்று சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். அது முடியாமல்தான் பார்லர் வேலையைக் கற்றுக்கொண்டாள். "வலிக்குதுன்னு கத்துற இடத்தை விட்டு, அழகா இருக்குன்னு சொல்ற இடத்துக்கு வந்துட்டேன்" என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தாள். பிற்பாடு அவர்கள் கூடிப் பேசும்போது காரணங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன.

வேலையில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது. வெளியாளுக்குச் சாயம் பூசுவதென்றால், முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து அனுப்புவாள். தோல் சிவக்கவில்லை என்றால் இரண்டு நாள் கழித்து வரச் சொல்வாள். வந்ததும் முட்டை வடிவ அலாரத்தை முறுக்கி வைத்துவிட்டு நாற்காலியை விட்டு நகரவே மாட்டாள். "எரியுதா? சூடா இருக்கா? குத்துதா?" என்று நொடிக்கொரு தரம் கேட்டு ஆளையே கலவரப்படுத்திவிடுவாள். கண்ணாடிக்கு மேல் ஓர் அட்டை வேறு: 'காதோரச் சோதனை இல்லாமல் சாயம் இல்லை. தயவு செய்து வற்புறுத்தாதீர்கள்.'

இதெல்லாம் ஊராருக்கு. சொந்தத்தில் எலக்ட்ரீஷியன் இருக்கிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், அங்கே காலிங் பெல் அடிக்காது. அந்தக் கதைதான் இங்கேயும். நம்ம பிள்ளைக்குப் போய்க் காதில் பொட்டு வைத்து, இரண்டு நாள் கழித்து வா என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அது போதாதென்று அந்தக் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. சொத்து கிடையாது, படிப்பு சுமார், நிறம் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் முடி. அக்காவும் தங்கையும் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த பேச்சு, "நம்ம வீட்டு முடி இரும்புக் கம்பியாச்சே." சீப்பு உடைந்தால் கவலைப்பட மாட்டார்கள். பெருமையாகப் பக்கத்து வீட்டில் காட்டிவிட்டு வருவார்கள்.

வாலு கேட்டது மயில்கழுத்து நிறம். அது ஏற வேண்டுமானால் முதலில் கறுப்பை இறக்க வேண்டும், அதாவது வெளுக்க வேண்டும். வெளியாளாக இருந்தால் சித்தி வீரியம் குறைந்த கரைசலில், தலைத்தோலில் படாமல், இரண்டு தவணையாகச் செய்திருப்பாள். நம்ம வீட்டு முடி அதற்கெல்லாம் மசியுமா? அலமாரியின் பின்வரிசையில், யாருக்கும் எடுக்காமல் வைத்திருந்த வீரியம் மிகுந்த கரைசலை எடுத்தாள். உச்சந்தலையில் வேரோடு பூசி, வெள்ளித்தாளால் சுற்றி, தலைக்குச் சூடு காட்டும் கூண்டை இறக்கிவிட்டாள். அலாரம் முறுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் புருவத்துக்கு ஓர் அம்மா வந்துவிட்டாள்.

"சித்தி, எரியுது."

"எரியத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்துக்கோ. நம்ம முடி லேசுல இறங்காது."

கொஞ்ச நேரம் கழித்து, "சித்தி, நிஜமாவே எரியுது."

"இதோ வந்துட்டேன்டி தங்கம். இன்னும் ஒரு புருவம்தான் பாக்கி."

புருவத்துக்கு வந்த அம்மாவை ஒற்றைப் புருவத்தோடு தெருவில் இறக்கிவிட முடியாது என்பது உண்மைதான். அவளை அனுப்பிவிட்டு வந்து வெள்ளித்தாளைப் பிரித்தபோது ஆவி வந்தது. தாளோடு முடியும் வந்தது. அடியில் தோல், பால் ஆடை போல வெளுத்திருந்தது.

கழுவுதொட்டியில் தலையைச் சாய்த்து, தொட்டி வழிந்து, டயர் கடைக்காரர் கீழேயிருந்து "மேல என்ன அருவியா?" என்று சத்தம் போடும்வரை தண்ணீர் விட்டாள். அது ஒன்றுதான் அன்று அவள் சரியாகச் செய்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். அவர் கட்டிலருகே வருவதற்குள் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். கூடவே அவள் வீட்டுக்காரர், சித்தியின் அத்தானும் வந்துவிட்டார். வாலு கட்டிலில் குப்புறக் கிடந்தாள். இரண்டடி தள்ளி, சட்டைக் கை சொட்டச் சொட்ட, சித்தி.

டாக்டர் காயத்தைப் பார்த்தபடியே கேட்டார். "இவ்வளவு ஆழமாப் போயிருக்கே. பிள்ளை எரியுதுன்னு சொல்லவே இல்லையா?"

சித்தி வாயைத் திறந்தாள்.

"அவ அழுத்தக்காரி டாக்டர்" என்று அக்கா முந்திக்கொண்டாள். "கையை அறுத்துக்கிட்டாலும் சொல்ல மாட்டா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

சித்தி வாயை மூடிக்கொண்டாள். வாலு தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள். சித்தியே சொல்லட்டும் என்று விட்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

அந்த இடத்தில் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். அந்த ஒரு வரி சித்தியின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. சோறு இறங்கியது, தண்ணீர் இறங்கியது, அது மட்டும் இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

கருகிய தோலை அறுத்து எடுத்து, தொடையிலிருந்து தோல் வெட்டி உச்சியில் ஒட்டினார்கள். உள்ளங்கையில் பாதி அளவு. ஒட்டிய இடத்தில் முடி முளைக்காது என்று டாக்டர் நேரடியாகவே சொல்லிவிட்டார். அக்கா அழுதாள். அத்தான் டாக்டரின் படிப்பை விசாரித்தார். வாலு மட்டும், "அப்ப என் தலையில இருக்கிறது என் தொடையா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"நான் தொடையில கைவைச்சு உக்கார்ந்தா யோசிக்கிற மாதிரி இருக்குமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். இந்த நிலைமையில் சிரிக்கிற டாக்டரை நம்பலாமா என்று அத்தான் வீடு திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வருகிறவர்களின் படையெடுப்பு தொடங்கியது. ஒவ்வொருவர் கையிலும் ஆப்பிள் பை. கட்டுப் போட்ட தலையைக் கண்ணாலேயே பிரித்துப் பார்த்தார்கள். மாடிவீட்டு அம்மா ஓர் எண்ணெய் சொன்னாள். எதிர்வீட்டு அம்மா அந்த எண்ணெயைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் தடவச் சொன்னாள். அத்தானின் அக்கா, பெரிய அத்தை, வந்து உட்கார்ந்ததும் முதலில் தன் முடியை அவிழ்த்து முடிந்துகொண்டாள். வயது அறுபதைத் தாண்டியும் தன்னுடையது கொட்டவில்லை என்பதை யாரும் பார்க்காமல் போய்விடக் கூடாது அல்லவா.

எண்ணெய்கள் வேறு வேறானாலும் எல்லோரும் கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றுதான்.

"ஏன்டி கண்ணு, எரியறப்பவே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"உனக்குன்னு ஒரு புத்தி வேண்டாமா? கல்லு மாதிரியா உக்கார்ந்திருப்பே?"

"பாவம் உங்க சித்தி. நீ சொல்லியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டாளா?"

முதல் இரண்டு பேரிடம் வாலு, "நான் சொன்னேன்" என்றாள். அவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கண்ணைச் சிமிட்டி, பிள்ளை குழம்பியிருக்கிறாள் என்பதுபோல் தலையாட்டினாள். அதற்குப் பிறகு வாலு சொல்வதை நிறுத்திவிட்டாள். யார் வந்தாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பார்த்தீர்களா, அழுத்தக்காரிதான் என்று வந்தவர்கள் ஊர்ஜிதம் செய்துகொண்டு போனார்கள்.

கட்டு மாற்ற அவளைக் கூட்டிப்போகும் வேலை சித்திக்கே வந்தது. அக்காவுக்கு லீவு இல்லை, அத்தானுக்கு ரத்தம் ஆகாது. பார்லரைப் பூட்டிவிட்டு வீட்டில் இருப்பவள் சித்திதான். குற்றவாளியைத் தவிர வேறு யாருக்கும் நேரம் இல்லாத குடும்பம். ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஆட்டோக்காரர் ஒருநாள், "ஷேர் ஆட்டோன்னு நினைச்சு ஏறிட்டீங்களா?" என்று கேட்டார்.

கட்டுப் பிரிக்கும் நர்ஸ் தடித்த கையும் கனிந்த குரலும் உள்ளவள். "கத்தணும்னா கத்து. இங்க கத்தாம இருக்கிறவங்களைக் கண்டாத்தான் எனக்குப் பயம்" என்பாள். ஒட்டிப்போன துணியைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, நூல் நூலாக எடுப்பாள்.

"எரியுது!" என்பாள் வாலு.

நர்ஸின் கை அந்த நொடியே நிற்கும். மேலே ஒரு நூல் அசையாது. "இப்ப?" என்று கேட்பாள். "இப்ப இல்லை" என்று பதில் வந்த பிறகுதான் மறுபடி தொடுவாள்.

சித்தி ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு தடவை அந்தக் கை நிற்கும்போதும் அவளுக்கு யாரோ பிடரியில் தட்டுவது போலிருக்கும். எவ்வளவு சுலபமான காரியம். 'எரியுது' என்றால் நிறுத்த வேண்டும். ஒரு கையால் செய்துவிடலாம். திரும்பி வரும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று தீர்மானிப்பாள். வீட்டு வாசலில் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தீர்மானம் செருப்போடு வெளியே நின்றுவிடும். சொன்னால் அக்கா முகத்தில் விழிக்க விடமாட்டாள். பார்லர் போய்விடும். பெற்ற பிள்ளை இல்லாத குறையை இத்தனை நாள் தீர்த்தவளும் போய்விடுவாள். சொல்லாவிட்டாலும் அவள் போய்க்கொண்டுதான் இருக்கிறாள் என்பது சித்திக்குத் தெரியாமல் இல்லை.

இதற்கிடையில் அத்தான் ஒரு விக் வாங்கி வந்தார். அளவு பார்க்காமல், நிறம் பார்க்காமல், "நல்ல சரக்கு" என்று ஒருவர் சொன்னதை நம்பி. வாலு அதைத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்தாள். பிறகு கழற்றி மேசைமேல் வைத்து, அதன் முன்னால், பூனைக்கு வைப்பதுபோல், ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தாள். அத்தானுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் புகார்ப் பிரியர். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் புகார். பிஸ்கட் பாக்கெட்டில் ஒன்று உடைந்திருந்தால் புகார். தன் புகாருக்குப் பதில் வரவில்லை என்று தனியாக ஒரு புகார். இத்தனை வருஷமாகச் சில்லறை விஷயங்களில் வீணாகிக்கொண்டிருந்த அந்தத் திறமைக்கு இப்போதுதான் தகுந்த விஷயம் கிடைத்திருந்தது. சாயக் கம்பெனிமேல் வழக்கு. மகளின் தலையில் கட்டு இருந்த காலம் முழுக்க அவர் கம்பெனிக்கான நோட்டீஸை எழுதி எழுதித் திருத்தினார். முகத்தில் ஒரு தேஜஸ் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு படித்துக் காட்டினார். அக்கா இருந்தாள். பெரிய அத்தை இருந்தாள். வாலு தலையில் துணி கட்டிக்கொண்டு சோபாவின் ஓரத்தில். சித்தியைச் சாட்சிக் கையெழுத்துக்கு வரச்சொல்லியிருந்தார்.

"'மேற்படி கரைசல் தலையில் இருந்த நேரம் முழுவதும் என் மகளுக்கு எரிச்சலோ வலியோ அணுவளவும் ஏற்படவில்லை. ஏற்பட்டதாக அவள் எவரிடமும் தெரிவிக்கவும் இல்லை. ஆகவே தங்கள் தயாரிப்பு, உணர்வே தெரியாமல் தோலை அரித்துத் தின்னும் நயவஞ்சகத் தன்மை உடையது என்பது...'"

"நயவஞ்சகம் நல்லா விழுந்திருக்குடா" என்றாள் பெரிய அத்தை.

"நான் சொன்னேன்" என்றாள் வாலு.

"என்னம்மா?"

"எரியுதுன்னு சொன்னேன். ரெண்டு தடவை."

"சொல்லியிருக்கலாம்மா, நான் இல்லைங்கலை" என்றார் அத்தான் பொறுமையாக. "ஆனா சொன்னேன்னு எழுதினா கேஸ் நிக்காது."

"அப்ப நடந்தது?"

"நடந்தது நமக்குள்ள இருக்கட்டும். அது கம்பெனிக்காரனுக்கு எதுக்கு?"

"விடுடி" என்றாள் அக்கா. "அன்னைக்கு அங்க சொல்லாதவ, இன்னைக்கு இங்க சொல்லி என்ன ஆகப்போகுது?"

வாலு தலைத்துணியை இரண்டு கையாலும் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் சித்தி அன்றும் தப்பித்திருப்பாள். சமாதானப்படுத்தும் சாக்கில் எழுந்து போயிருப்பாள். அத்தான் பேனாவின் மூடியைக் கழற்றி, "இங்க போடும்மா" என்று நீட்டினார்.

"அவ சொன்னா அத்தான்."

"என்ன?"

"ரெண்டு தடவை சொன்னா. எனக்கு நல்லாவே காதுல விழுந்துச்சு. பொறுத்துக்கோன்னு நான்தான் சொன்னேன்." சித்தியின் குரல் பல் டாக்டர் வாசலில் ஆட்களை உள்ளே அனுப்பிய காலத்துக் குரல்போல் தட்டையாக இருந்தது. "கம்பெனி மேல தப்பில்லை. தோல்ல படக்கூடாது, சூடு காட்டக்கூடாதுன்னு டப்பாவிலேயே போட்டிருக்கான். நான் ரெண்டையும் செஞ்சேன். வெளியாளா இருந்தா அந்தக் கரைசலையே எடுத்திருக்க மாட்டேன். நம்ம வீட்டு முடிதானேன்னு எடுத்தேன்."

நீட்டிய பேனாவை அத்தான் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இதை ஏன்டி இவ்வளவு நாளாச் சொல்லலை?" என்றாள் பெரிய அத்தை.

"என்னை யாரும் கேக்கலையே. எல்லாரும் அவளையே கேட்டீங்க." கொஞ்சம் நிறுத்தி, "கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியலை" என்றாள்.

"என் பிள்ளை எரியுது எரியுதுன்னு சொல்ல, நீ எவளுக்கோ புருவம் எடுத்துக்கிட்டிருந்தியா?" அக்கா எழுந்துவிட்டாள்.

"ஆமாம்."

"வெளியே போ."

சித்தி எழுந்து போனாள். படியிறங்கும்போது அத்தானின் குரல் கேட்டது. குடும்பத்திலேயே அதிகம் புண்பட்டவர் அவர்தான். "இன்னும் ஒரு நாள் பொறுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? நாளைக்குக் காலையில தபால்ல போட்டிருப்பேனே!"

வாலு யாரையும் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய், வந்தவர்கள் கொடுத்துக் குவிந்திருந்த ஆப்பிள்களில் ஒன்றை எடுத்துக் கழுவி, நின்றபடியே கடித்துத் தின்றாள். பிறகு இன்னொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு யாரும் வற்புறுத்தாமல் அவளாகச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று அக்காவே பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு அக்கா தங்கையோடு பேசவில்லை. பேச வேண்டியது இருந்தால் ஆள் எதிரே நின்றாலும், "உங்க சித்திகிட்ட சொல்லு" என்று வாலு வழியாகப் போகும். பெரிய அத்தை ஊர் முழுக்கச் சொல்லி முடித்தாள். இனி அந்தப் படியை மிதிக்கவே மாட்டோம் என்று தெருவில் பலர் சபதம் எடுத்தார்கள். புருவம் வளர்கிற வேகத்துக்கு அந்தச் சபதம் தாங்கவில்லை. ஒவ்வொருவராக, மற்றவர்கள் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் படியேறினார்கள். மாடியில் ஒருவரையொருவர் பார்த்து, "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றார்கள். சித்தி புருவம் எடுத்தாள், முடி வெட்டினாள். சாயம் என்ற பேச்சை எடுத்தால், "அது இங்க இல்லைங்க" என்றுவிடுவாள். அந்த அலமாரியில் இப்போது துண்டுகள் மட்டும் அடுக்கியிருந்தன.

வாலுவின் தலையில் சுற்றிலும் முடி வந்துவிட்டது, நம்ம வீட்டு முடி என்று சொல்லும்படியாகவே. நடுவில் அந்த இடம் மட்டும் வழவழவென்று, ரோஜா நிறத்தில். துணி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். துணிக்கு அடியில் வியர்த்து அரித்தது. ஒருநாள் மாலை பள்ளிப் பையோடு நேரே மாடியேறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள்.

"வெட்டு."

சித்திக்கு ஒரு கணம் யார் வந்திருப்பது என்றே விளங்கவில்லை. "என்ன வெட்டணும்?"

"எல்லாத்தையும். காது வரைக்கும். நடுவுல தெரிஞ்சா தெரியட்டும். இந்தத் துணியோட என்னால முடியலை."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"'உங்க சித்தி கை மட்டும் உன் தலையில படக்கூடாது'ன்னு சொன்னாங்க. படாம வெட்டு."

சித்தி கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் கொத்தை விரலில் பிடித்தாள்.

"வலிக்குதா?"

"முடி வெட்டினா யாருக்காவது வலிக்குமா சித்தி?"

"இல்லை, வலிச்சாச் சொல்லு. சொன்னா நிறுத்திடுவேன்."

இரண்டு கொத்து விழுந்தது. மூன்றாவதைப் பிடித்தபோது வாலு, "எரியுது" என்றாள்.

கத்தரிக்கோல் தரையில் போய் விழுந்தது. சித்தி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் நின்றாள், போலீஸைக் கண்டவள் மாதிரி. கண்ணாடிக்குள் வாலு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மாதான் சொன்னேன். நிறுத்துறியான்னு பார்த்தேன்."

"அடி பாவி" என்று சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தரிக்கோலைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து மிச்சத்தை வெட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

வாலு துணி கட்டாமல் தெருவில் இறங்கினாள். டயர் கடைக்காரர் பார்த்தார், கடைப்பையன்கள் பார்த்தார்கள். வீட்டுக்குப் போனதும் அக்கா கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்து, அவளைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். "பின்னால மட்டும் நல்லா வந்திருக்குன்னு உங்க சித்திகிட்ட சொல்லு" என்றாள்.

அன்றிலிருந்து மாதத்துக்கொரு தரம் அந்த நாற்காலி வாலுவுக்கு. பள்ளி முடிந்து கல்லூரி போன பிறகும் வேறு எங்கும் போகவில்லை. தழும்பை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பக்கத் தோலையும் இழுத்துச் சேர்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அப்புறம் பார்க்கலாம்" என்று வாலு தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். சித்தி சுற்றியுள்ள முடியை வெட்டும்போது அந்த இடத்தில் விரல் படாமல் வெட்டப் பழகியிருந்தாள். பட்டுவிட்டால் "மன்னிச்சுக்கோ" என்பாள். "அது தொடை சித்தி, தலையில்லை" என்பாள் வாலு.

போன மாதம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் வெட்டி முடித்து வலப்பக்கத்துக்கு வரும்போது, அவசரமாக எங்கோ விசேஷத்துக்குப் போக வேண்டிய ஓர் அம்மா மூச்சிரைக்க ஏறி வந்தாள். சித்தி அவளை உட்காரச் சொல்லிவிட்டு வாலுவின் வேலையை முடிக்கத்தான் பார்த்தாள். வாலுதான் எழுந்தாள். "அவங்களைப் பாரு சித்தி. எனக்கு ஒண்ணும் எரியலை."

"ஞாயித்துக்கிழமை வந்துடு. இந்தப் பக்கத்தைச் சரி பண்ணிடறேன்."

அந்த ஞாயிறு வருவதற்குள், வெள்ளிக்கிழமை காலை பார்லரைத் திறக்கப் போன இடத்தில், படியிலேயே உட்கார்ந்த நிலையில் சித்தி போய்விட்டாள். நெஞ்சுவலி என்றார்கள். டயர் கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். அக்கா ஓடிவந்து, இத்தனை வருஷம் கழித்து அவளிடம் நேராகப் பேசினாள். "ஏய், எழுந்திருடி" என்றாள்.

வாலுவுக்கு வலப்பக்க முடி இடப்பக்கத்தைவிட ஒரு விரற்கடை நீளமாக இருக்கிறது.